எல்லைக்கோட்டுப் பிள்ளைகள்

ஒரு ஆசிரியரிடம் ஒரு மணி நேரம் இருக்கிறது. வகுப்பில் முப்பது பிள்ளைகள். பத்துப் பேர் நன்றாக வாசிப்பார்கள். இன்னொரு பத்துப் பேர் திக்கித் திக்கி வாசிப்பார்கள். இரண்டு மாதம் கூடவே உட்கார்ந்தால் தேறிவிடுவார்கள். மிச்சம் பத்துப் பேருக்கு எழுத்தே முழுசாகத் தெரியாது. வருஷக் கடைசியில் ‘எத்தனை பேர் தேறினார்கள்’ என்ற ஒரே ஒரு எண்ணை மேலே அனுப்ப வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை யாருக்குக் கொடுப்பது?

கணக்குத் தெரிந்தவர் யாரும் நடுவில் இருக்கும் பத்துப் பேருக்குத்தான் கொடுப்பார். முதல் பத்துப் பேர் எப்படியும் தேறுவார்கள். கடைசிப் பத்துப் பேர் என்ன செய்தாலும் இந்த வருஷம் தேறப்போவதில்லை. போட்ட உழைப்பு எண்ணாக மாறுவது நடுவில் மட்டும்தான். இப்படி முடிவெடுக்க ஆசிரியர் கெட்டவராகவோ சோம்பேறியாகவோ இருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால், சோம்பேறிக்கு இந்தக் கணக்கே தோன்றாது. அக்கறையோடு வேலை பார்க்கிறவருக்குத்தான் தோன்றும். எனக்கு இந்த விஷயத்தில் தொந்தரவாக இருப்பதே அதுதான்.

திருவொற்றியூரில் நான் எட்டாவது வரை படித்த நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இப்போது நானும் இருக்கிறேன். 2024இல் தமிழ்நாடு முழுக்க இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். அப்படிக் கிடைத்த இடம். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடுவோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழுவுக்குக் கொடுத்திருக்கும் முக்கியமான வேலை பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது. மூன்று வருஷத் திட்டம், அதற்குள் ஒவ்வொரு வருஷத்துக்கும் தனி இலக்கு. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். எங்கள் குழுவில் பெரும்பாலும் அம்மாக்கள். வேலை முடிந்து அவசரமாக வந்து, கீழ் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்காருவார்கள்.

அந்த ‘நடுவில் இருக்கும் பத்துப் பேர்’ பற்றி நான் முதலில் கேள்விப்பட்டது இங்கேதான். 2025இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அடிப்படைத் தமிழும் ஆங்கிலமும் கணக்கும் வராத பிள்ளைகளுக்காக ‘திறன்’ என்ற திட்டத்தை அரசு கொண்டுவந்தது. முதலில் ஒரு சோதனை வைத்து யாருக்கு எது தெரியவில்லை என்று பார்ப்பது, தனிப் பயிற்சி நூல் கொடுப்பது, பிறகு மாதாமாதம் மதிப்பீடு. நல்ல திட்டம். ஏழாவது படிக்கும் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். அதையொட்டி எங்கள் பள்ளியின் வருஷ இலக்கை எழுத உட்கார்ந்தபோது ஒரு ஆசிரியை என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “பார்டர்ல ஒரு ஒம்பது பசங்க இருக்காங்க தம்பி. அவங்கள மேல தூக்கிட்டா இந்த வருஷம் நம்ம ஸ்கூலு தப்பிச்சிடும்.”

“மத்தவங்க டீச்சர்?”

“மத்தவங்களுக்கும் சொல்லித்தர்றேன்தான். ஆனா நேரம்னு ஒண்ணு இருக்கில்ல?”

இருக்கிறதுதான். அந்தப் பதிலை என்னால் மறுக்க முடியவில்லை.

*

இந்தச் சிக்கல் நம்முடைய கண்டுபிடிப்பு அல்ல. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பவர் ஒரு விதி கொண்டுவந்தார். பள்ளிக்கு அரசு தரும் மானியத்தின் பெரும்பகுதியை ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் தேறுவதைப் பொறுத்து முடிவு செய்வது. ஆய்வாளர் வருவார், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சோதிப்பார், அதற்கேற்பக் காசு. கவிஞர் மேத்யூ ஆர்னால்டு அப்போது பள்ளி ஆய்வாளராக இருந்தார். இந்த முறை படிப்பை எந்திரமாக்கிவிடும் என்று தன் துறைக்கு எதிராகவே எழுதினார். சீக்கிரத்திலேயே அந்த முறை கப்பலேறி நம் மதராஸ் மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. 1860களிலிருந்து இங்கே உதவிபெறும் பள்ளிகளுக்கு ‘ரிசல்ட் கிராண்ட்’ கொடுத்தார்கள். இங்கிலாந்தே 1890களில் அதைக் கைவிட்டது.

அமெரிக்கா 2002இல் அதையே வேறு உடுப்பில் கொண்டுவந்தது. 2014க்குள் நூற்றுக்கு நூறு பிள்ளைகளும் தேற வேண்டும், அதுவரை ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு வருஷமும் ‘போதுமான ஆண்டு முன்னேற்றம்’ காட்ட வேண்டும், காட்டாவிட்டால் நடவடிக்கை என்று சட்டம். அப்புறம் நடந்தது தெரிந்த கதைதான். அட்லாண்டா நகரில் 2009ஆம் ஆண்டுத் தேர்வைப் பற்றி மாநில அரசு விசாரித்து 2011இல் அறிக்கை கொடுத்தது. ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44இல் முறைகேடு. ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களுமாக 178 பேர். பிள்ளைகளின் விடைத்தாளில் தப்பான பதிலை ரப்பரால் அழித்துவிட்டுச் சரியானதைக் குறித்திருக்கிறார்கள். 2015இல் 11 பேரை நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது.

எனக்கு அட்லாண்டாவைவிட டெக்சஸ்தான் முக்கியமாகப் படுகிறது. ஜெனிஃபர் பூஹர்-ஜென்னிங்ஸ் என்ற சமூகவியலாளர் அங்கே ஒரு பள்ளியைக் கவனித்து 2005இல் எழுதினார். அங்கே யாரும் ரப்பர் எடுக்கவில்லை. பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள்: ஆபத்தில்லாதவர்கள், கைகொடுத்தால் பிழைப்பவர்கள், பிழைக்க வாய்ப்பில்லாதவர்கள். நேரமும் கவனமும் நடுவில் உள்ளவர்களுக்குப் போனது. போர்க்களத்தில் காயம்பட்டவர்களை மருத்துவர்கள் பிரிப்பார்களே, அது மாதிரி. விடைத்தாளை அழிப்பது குற்றம் என்று சட்டம் சொல்லும். ஒரு பிள்ளையைப் பார்க்காமலே கடந்துபோவதை எந்தச் சட்டத்தில் கொண்டுபோய் வைப்பது?

டொனால்ட் கேம்பல் என்ற உளவியலாளர் 1970களிலேயே இதைச் சொல்லிவிட்டார். ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்க ஆரம்பித்தால், அந்த எண்ணும் கெடும், அது எதை அளக்க வந்ததோ அதுவும் கெடும் என்று.

*

“அப்படின்னா எண்ணே வேணாம், அளக்கறதே வேணாம்” என்று சொல்லிவிட்டுப் போகலாம். இலக்கியம் வாசிக்கிற நமக்கெல்லாம் அந்தப் பதில் பிடிக்கும். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. காரணம், நான் இருக்கும் ஊர்.

வடசென்னைக்காரனுக்கு அளவீட்டின் அருமை தெரியும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. சின்னகுப்பம், பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் ரோட்டுக்கு ஓடினார்கள். மூச்சு முட்டியது அவர்களுக்குத் தெரியும், கண் எரிந்தது தெரியும். ஆனால் “நாத்தம் அடிச்சுது சார்” என்பது எந்த மேசையிலும் நிற்காது. நின்றது எது? தொழிற்சாலை வாசலருகே காற்றில் கனமீட்டருக்கு 2090 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது, 400தான் அனுமதி என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த அளவு. 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் நெடி அடித்து மாணவர்கள் மயங்கினார்கள். பள்ளியை மூடினார்கள், நவம்பரில் திறந்தார்கள், அன்றைக்கே மறுபடியும் சிலர் மயங்க, மறுபடி மூடினார்கள். அப்போது ஊர் முழுக்கக் கேட்ட கேள்வி “மீட்டர்ல என்னா காட்டுது?” என்பதுதான்.

என் அம்மா மூன்றாவதோடு நின்றவர். காசிமேட்டில் இறால் உரித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அவர் பள்ளியை விட்டு நின்ற அன்று எந்தப் பதிவேட்டிலும் சிவப்புக் கோடு விழவில்லை. யாரும் வீட்டுக்கு வந்து “பாப்பா ஏன் வரல?” என்று கேட்கவில்லை. எண்ணாமல் விடுவது என்பது கருணை அல்ல. ஏழைப் பிள்ளைகள் காலகாலமாக எண்ணப்படாமலே இருந்தவர்கள்தான்.

அதனால் என் கேள்வி, அளக்கலாமா கூடாதா என்பது இல்லை. அளந்து வந்த எண் யாரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது? பெரியகுப்பத்தில் எடுத்த அளவு, பெரிய இடத்தைப் பார்த்துக் கேட்டது. பதில் சொல்ல வேண்டியவர் பலமுள்ளவர். பள்ளியில் எடுக்கும் அளவு யாரைப் பார்த்துக் கேட்கிறது?

*

எங்கள் பள்ளியின் வருஷத் திட்டத்தில் இரண்டு வகை இலக்குகள் இருக்கின்றன. ஒன்று, பிள்ளைகள் எட்ட வேண்டியவை: இத்தனை பேர் வாசிக்க வேண்டும், இத்தனை பேர் வகுத்தல் போட வேண்டும், வருகை இத்தனை சதவீதம். இன்னொன்று, மற்றவர்கள் செய்து தர வேண்டியவை: கழிவறைக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார், காலி ஆசிரியர் பணியிடம், வாசலில் வேகத்தடை, காலையில் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கும் முக்கால் மணி நேரம் கண்டெய்னர் லாரிகளை நிறுத்தி அனுப்ப ஒரு ஆள்.

முதல் வகைக்கு மாதாமாதம் மதிப்பீடு உண்டு. பன்னிரண்டு வயதுப் பையன் முன்னால் தாளை வைத்து வாசிக்கச் சொல்கிறோம். இரண்டாம் வகை ‘தீர்மானம்’ ஆகிறது. வேகத்தடையை நாங்கள் ஐந்து முறை தீர்மானம் போட்டிருக்கிறோம். ஐந்தும் செயலியில் ஏறியிருக்கின்றன. வாசிக்கத் தெரியாத பையனின் பெயர் பட்டியலில் தனியாக வருகிறது. வேகத்தடை போடாத அலுவலகம் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. அதற்கு மாதாந்திர மதிப்பீடு கிடையாது, அடுத்த நிலைக்குப் போகவில்லையே என்று கவலைப்பட ஆளும் கிடையாது.

இந்த ஊரில் வருகை என்பதே லாரியோடும் காற்றோடும் மழையோடும் கலந்த விஷயம். 2023 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். நாலாம் தேதி மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு சேர்ந்து எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலம். படகும் வலையும் தாராக மாறி, பல வீடுகளில் வருமானம் நின்றது. அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. மாதக் கடைசியில் அமோனியா. அந்த வருஷத்துப் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் மற்ற வருஷ மதிப்பெண்ணும் அட்டவணையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

இதே நகரத்தில் வேறு விதமான இலக்கும் இருந்திருக்கிறது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கில் தன் பள்ளியொன்றில் மதிய உணவு கொடுக்கத் தீர்மானித்தது. அது மாநகராட்சி தனக்குத்தானே வைத்துக்கொண்ட இலக்கு. சாப்பிட உட்காரும் பிள்ளை எதிலும் தேறிக் காட்ட வேண்டியதில்லை. பசித்தால் போதும். காமராஜர், எம்.ஜி.ஆர். காலம் வழியாக அந்தக் கோடு 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வரை வருகிறது. ஆனால் காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். நடுநிலைப் பள்ளியில் இதன் அர்த்தம் என்னவென்றால், நாலாவது படிக்கும் தங்கை உப்புமா சாப்பிட உட்காருவாள். ஆறாவது படிக்கும் அண்ணன் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே நிற்பான். பத்து மணிக்கு அவனுக்குத்தான் வாசிப்பு மதிப்பீடு.

ஆக, அந்த ஆசிரியையின் கையில் ஒரே ஒரு மணி நேரம் மட்டும் இருப்பது ஏன் என்று கேட்டால், அது மழை மாதிரி வானத்திலிருந்து விழுந்தது இல்லை. ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், மொழிக்கு ஒருவர், அறிவியல்-கணக்குக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. ஒரு இடம் காலியாக இருந்தால், அந்தப் பாடவேளையும் இருப்பவர் தலையில். போர்க்களத்து மருத்துவரிடம் கட்டுத்துணி குறைவாக இருந்தால் அவர் ஆட்களைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் துணியை அனுப்பாதவர் யார் என்ற கேள்வியை மறந்துவிட்டு, ‘மருத்துவர் சரியாகப் பிரித்தாரா’ என்று மட்டும் அறம் பேசுவது நியாயம் இல்லை. சங்கடமான முடிவை எடுக்க வேண்டிய இடத்தில் ஒருவரை நிறுத்தியவருக்கும் அந்த முடிவில் பங்கு உண்டு.

*

இதைச் சொல்லிவிட்டால் ஆசிரியை விடுபட்டுவிடுகிறாரா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். பணியிடம் நிரம்பும்வரை, நாளைக் காலையில் அவர் யார் பக்கத்தில் உட்காருவது என்பது அப்படியே இருக்கிறது.

மூன்று பதில்கள் தோன்றுகின்றன. அதிகம் பேருக்குப் பலன் கிடைக்கிற மாதிரி, நடுவில் உள்ளவர்களிடம். அல்லது, எல்லாருக்கும் சமமாக, ஆளுக்கு இரண்டு நிமிஷம். அல்லது, மிகவும் பின்தங்கியவருக்கு முதலில். இதில் ஒன்றைச் சூத்திரமாக எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. ஆளுக்கு இரண்டு நிமிஷம் யாருக்கும் போதாது. கடைசியில் உள்ளவருக்கே எல்லாம் என்றால், கைநீட்டினால் எட்டிவிடும் தூரத்தில் நிற்கும் பிள்ளையைக் கைவிடுகிறோம். அதுவும் அநியாயம்தான்.

ஆனால் ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க முடிகிறது. ‘இந்தப் பையனுக்கு இப்போ கொஞ்சம் உதவினா வாசிச்சிடுவான்’ என்று அவன் பக்கத்தில் உட்காருவது ஒன்று. ‘இவன் தேறினா நம்ம எண் ஏறும்’ என்று உட்காருவது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே காட்சி, ஒரே பெஞ்சு. வித்தியாசம் தெரிய இரண்டு இடம் உண்டு. அவன் கோட்டைத் தாண்டிய மறுநாள் என்ன நடக்கிறது என்பது ஒன்று. மற்றது, காரணத்தை அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறதா என்பது. “உங்க பையனுக்கு இந்த டெர்ம்ல நேரம் குறைவாதான் கொடுக்க முடிஞ்சுது, ஆள் இல்லம்மா” என்று சொல்லலாம். கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்லலாம். “உங்க பையன் எங்க கணக்குல வரமாட்டான், அதனால விட்டுட்டோம்” என்று யாராலும் சொல்ல முடியாது. பகிரங்கமாகச் சொல்ல முடியாத காரணம் நியாயமான காரணம் இல்லை என்று இம்மானுவேல் கான்ட் அரசியலுக்குச் சொன்னார். ஏழாம் வகுப்புக்கும் அது பொருந்துகிறது.

எங்கள் குழுவில் அம்மாக்கள் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, இலக்குப் பட்டியலை வாசித்து முடித்ததும் ஒருவர் கேட்டார்: “என் புள்ள இதுல எந்த லிஸ்ட்ல கீறான்?”

அறையில் யாரும் பேசவில்லை. அந்தப் பையன் கடைசிப் பத்துப் பேரில் ஒருவன்.

அவனை எனக்கு நன்றாகத் தெரியும். சனிக்கிழமைகளில் நானும் இன்னொரு முன்னாள் மாணவியும் சிலரோடு உட்காருவோம், அதில் இவனும் உண்டு. ஜூனில் தமிழின் 247 எழுத்துகளில் நாற்பது சொச்சம்தான் அவனுக்குப் பிடிபட்டது. கொம்பும் காலும் வந்தால் குழம்பிவிடுவான். ‘கொ’வும் ‘கோ’வும் அவனுக்கு ஒன்று. ஜனவரியில் எண்ணிப் பார்த்தபோது நூற்றி முப்பது தாண்டியிருந்தான். பஸ் போர்டில் ‘நெட்டுக்குப்பம்’ என்பதை எழுத்தெழுத்தாகக் கூட்டி, ‘ட்டு’ ‘க்கு’ இரண்டையும் சரியாகத் தாண்டி முழுசாக வாசித்தான். அட்டவணையில் ஜூனில் அவன் பெயருக்கு எதிரே ‘அடிப்படை நிலை எட்டவில்லை’. ஜனவரியிலும் ‘அடிப்படை நிலை எட்டவில்லை’. பொய் இல்லை, உண்மைதான். அந்த உண்மைக்குள் தொண்ணூறு எழுத்து மறைந்துபோகிறது.

சிமோன் வெயில் 1942இல் பள்ளிப் படிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கணக்கோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி விடை வராமல் போனாலும், முழுக் கவனத்தோடு செய்த அந்த முயற்சி வீண்போவதில்லை என்பது அதில் அவர் சொல்லும் விஷயம். அதே கவனம்தான் துன்பத்தில் இருக்கும் இன்னொரு மனிதரை உண்மையாகப் பார்க்கவும் வேண்டும் என்று முடிப்பார். அவர் அதைக் கடவுளோடு சேர்த்துச் சொன்னார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனாலும், கவனம் என்பது பங்கு போட்டுத் தீர்க்கும் சரக்கு மட்டும் அல்ல, அது கிடைக்காத பிள்ளைக்கு ‘நீ இங்கே இல்லை’ என்று ஒரு செய்தி போய்ச் சேருகிறது என்பது புரிகிறது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு சின்ன மாற்றம் செய்தோம். கோட்டுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக ஒரு நோட்டு. அதில் தேறினான், தேறவில்லை என்று எழுதுவதில்லை. போன மாதத்திலிருந்து இந்த மாதம் புதிதாக என்ன தெரிந்தது என்று ஒரு வரி. ஆசிரியை முதலில் “இன்னொரு ரெஜிஸ்டரா தம்பி?” என்று சலித்துக்கொண்டார். நியாயமான சலிப்பு. அதனால் எழுதும் வேலையை நாங்களே எடுத்துக்கொண்டோம். இந்த நோட்டை யாரும் மேலே கேட்பதில்லை. அதனால்தானோ என்னவோ, இதுவரை அதில் யாரும் பொய் எழுதவில்லை. ஒரிசாவிலிருந்து வந்த வார்ப்படத் தொழிலாளியின் மகள் பக்கத்தில் அக்டோபரோடு வரி நின்றுபோயிருக்கிறது. குடும்பம் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டது. பள்ளிக் கணக்கில் அவள் ஒரு குறை. நோட்டில் அவள் கடைசியாகக் கற்றது ‘ழ’.

வரும் ஜூனில் அடுத்த வருஷத் திட்டம் எழுத வேண்டும். வாசிப்பு இலக்கை எடுத்துவிடச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. அது இருக்கட்டும். இரண்டு விஷயம் மட்டும் கேட்கப்போகிறேன். கோட்டைத் தாண்டியவர்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, கோட்டுக்குக் கீழே ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு தூரம் நடந்தது என்பதும் வர வேண்டும். வேகத்தடை, மோட்டார், காலிப் பணியிடம் மூன்றையும் பிள்ளைகளின் பெயர் வரும் அதே அட்டவணையில் வரிசையாக எழுத வேண்டும். எதிரே அதே மாதக் கட்டங்கள், அதே சிவப்பு மை. ‘அடிப்படை நிலை எட்டவில்லை’ என்ற அதே சொற்கள்.

செயலியில் அதற்கு இடம் இருக்காது என்று சொல்வார்கள். பள்ளிச் சுவரில் இடம் இருக்கிறது.